கோத்தகிரி லீவுக்கு எந்த பேய் கேம ஏத்திட்டு போறது?

சித்தி பையன் நேத்து போன் பண்ணான். "அண்ணா, இந்த டிசம்பருக்கும் தாத்தா வீட்டுக்குத்தான் போறோம், என் போன்ல 9 ஜிபிதான் மிச்சம் இருக்கு, எந்த பேய் கேம வெக்கிறது எத தூக்கறது சொல்லு"ன்னான். போன வருசம் நாங்க அஞ்சு பேரு நாலு நைட்டு கம்பளிக்குள்ள உக்காந்து ஏழெட்டு கேம் ஆடிப் பாத்தோம், அதுல பாதி வெறும் குப்ப, மீதில ரெண்டு மூணு இன்னும் நைட்டு பாத்ரூம் போறப்ப ஞாபகம் வருது. அவனுக்கு சொன்னத அப்படியே இங்க எழுதிடறேன், மல மேல சொந்தக்காரங்க வீட்டுக்கு போற வேற யாருக்காச்சும் ஒதவுனா சரி.

எங்க நெலமைய சொல்லிடறேன், ஏன்னா எல்லாமே அத வெச்சுதான் முடிவாகுது. தாத்தா வீடு கோத்தகிரில இருந்து கோடநாடு போற ரோட்டுல போயி உள்ள எறங்கணும், பழைய எஸ்டேட் லைன் வீடு, மேல தகர ஷீட்டு, சுத்தி தேயில, கீழ ஓட. சிக்னல் வேணும்னா வாட்டர் டேங்க் மேட்டுக்கு போயி நிக்கணும், அங்கயும் காத்து எந்த பக்கம் அடிக்குதுங்கறத பொறுத்துதான். காத்து கொஞ்சம் பலமா அடிச்சா எங்கயாச்சும் ஒரு கற்பூர மரம் ஒயர் மேல சாஞ்சுரும், கரண்டு போனா எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. குளிரும் சும்மா இல்ல, டிசம்பர் ஜனவரில ஊட்டி பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படியும், கோத்தகிரி அந்த அளவுக்கு போகாதுன்னாலும் நைட்டு பத்து மணிக்கு மேல வெரல் மரத்துரும். கம்பளி கிளவுஸ் போட்டா டச் ஸ்க்ரீன் வேல செய்யாது, ஏன்னா டச் ஸ்க்ரீன் நம்ம தோலுல இருக்குற மின்சாரத் தொடர்ப வெச்சுதான் வெரல கண்டுபுடிக்குது. கிளவுஸ கழட்டுனா வெரல் வெறச்சு தப்பான பட்டன்ல படும். பேட்டரியும் அப்படித்தான், லித்தியம் பேட்டரி குளுந்துட்டா உள்ள ரெசிஸ்டன்ஸ் கூடும், 20 பர்சென்ட் காட்டிட்டு இருந்த போனு திடீர்னு அணஞ்சுரும். எங்க அத்த பையன் போன் அப்படித்தான் போச்சு, கரெக்டா பேய் கதவுகிட்ட நிக்கிறப்ப. அவன் அத கேமோட எஃபெக்ட்டுன்னு நெனச்சு அரை நிமிசம் அசையாம உக்காந்துருந்தான்.

அதனால நெட்டு வேணும்னு கேக்குற கேம் எல்லாம் மொதல்லயே வெளிய. ஐடென்டிட்டி ஃபைவ் நல்ல கேம்தான், நெட்ஈஸ் 2018ல விட்டது, ஒருத்தன் வேட்டக்காரன், நாலு பேரு தப்பிக்கறவங்க, அஞ்சு சைஃபர் மெஷின, அதாவது ரகசியக் குறியீட்ட அவுக்கற மெஷின, முடிச்சாத்தான் கேட்டு தொறக்கும். கோயம்புத்தூர்ல வைஃபைல ஆடுனா செம்மையா இருக்கும், தாத்தா வீட்டுல ஆடுனா நம்ம ஆளு ஒரே எடத்துல நின்னு ஓடிட்டே இருப்பான், வேட்டக்காரன் வந்து பொறுமையா அடிச்சு தூக்கிட்டு போயிருப்பான், அதுக்கப்புறம்தான் நமக்கு அவன் வர்றதே தெரியும். டெட் பை டேலைட் மொபைல்னு ஒண்ணு இருந்துச்சு, இன்னும் சில பேரு அத தேடறாங்க, தேடாதீங்க, 2025 மார்ச்சுல சர்வரையே மூடிட்டாங்க. சர்வர நம்பி இருக்குற கேமுக்கு இதான் கதி, ஆஃப்லைன் கேம்னா போன் உசுரோட இருக்குற வரைக்கும் அதுவும் இருக்கும்.

சரி, ஆஃப்லைன்னு முடிவாயிடுச்சு, அதுல எது? இங்கதான் பசங்க எல்லாரும் கிராஃபிக்ஸ் கிராஃபிக்ஸ்னு போவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். நாலு நைட்டு ஆடுனதுல எனக்கு வெளங்குனது வேற. ஆறு இன்ச்சு ஸ்க்ரீன்ல பேய எவ்வளவு அழகா வரஞ்சாலும் அது உள்ளங்கை அளவுதான், கண்ணு ஓரத்துல நம்ம வீட்டு செவுரு, கம்பளி, பக்கத்துல குறட்ட விடற மாமா எல்லாம் தெரிஞ்சுட்டே இருக்கும். காதுக்கு அந்த தப்பிக்கிற வழியே கெடையாது. ஹெட்செட்ட மாட்டிட்டா அந்த வீட்டுக்குள்ளதான் நீங்க. சத்தம் எந்த பக்கம் இருந்து வருதுன்னு மூள எப்படி புடிக்குதுன்னா, ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் சத்தம் வந்து சேர்ற நேர வித்தியாசம், அது ஒரு மில்லி செகண்டு கூட இல்ல, அந்த துளி வித்தியாசத்துலயே "எடது பக்கம் யாரோ"ன்னு கழுத்து தானா திரும்பும். அதனால நான் கேம பாக்குறப்ப கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்த கேம் என்ன காது குடுத்து கேக்க வெக்குதா, இல்ல சும்மா மூஞ்சி முன்னாடி கத்துதா? சும்மா கத்துறது எல்லாம் தூக்கிருங்க. பின்னாடி நின்னு தட்டுல கரண்டிய போட்டாக்கூட யாரும் துள்ளத்தான் செய்வாங்க, அதுக்கு எதுக்கு கேமு.

கிரானி. இத பத்தி தெரியாதவங்களே இல்ல, டிவிலோப்பர்ங்கற பேர்ல ஒரே ஆளு செஞ்சு 2017 நவம்பர்ல விட்டது, அஞ்சாங்கிளாஸ் பசங்க வரைக்கும் ஆடறாங்க. படம் பாத்தா சிரிப்பா வரும், பாட்டி பொம்ம மாதிரி நடக்கும், செவுரெல்லாம் ஒரே சாயம். ஆனா ஒரு விசயத்துல மட்டும் அவன் புத்திசாலி. அந்த பாட்டிக்கு எல்லாம் காது கேக்கும். கையில இருக்குற சாமான கீழ போட்டா சத்தம், பலகத் தரைல சில எடத்துல கால் வெச்சா கிறீச்சுங்கும், ஜாடிய தட்டிவுட்டா அவ்வளவுதான், எங்க இருந்தாலும் ஓடி வந்து மட்டையால போடும். அஞ்சு நாள் டைம், ஒவ்வொரு தடவ மாட்டுனாலும் ஒரு நாள் போச்சு. அதுக்குள்ள சுத்தியல், கட்டிங் பிளேயர், சாவின்னு தேடி எடுத்து வாசக்கதவு பூட்டையெல்லாம் தொறக்கணும். கட்டிலுக்கடில படுத்துட்டு பாட்டியோட கால் மட்டும் போறத பாத்துட்டு இருக்கோம் பாருங்க, அந்த பத்து செகண்டுதான் மொத்த கேமும்.

எங்க வீட்டுல இத ஆடறதுல ஒரு கூடுதல் கொடும இருக்கு. பக்கத்து ரூம்ல எங்க பாட்டி படுத்துருக்கும், அதுக்கும் அதே காதுதான். நைட்டு பன்னெண்டு மணிக்கு தங்கச்சி பயத்துல எவர்சில்வர் டம்ளர தட்டிவுட்டா, கேம்ல இருக்குற பாட்டி வரதுக்கு முன்னாடி இது வந்து நிக்குது, குல்லா போட்டுட்டு, சால்வைய போத்திட்டு, ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்துல. கத்துனது தங்கச்சி இல்ல, நான்.

கிரானில மொதல்ல பிராக்டிஸ் மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல பாட்டியே இருக்காது, வீட்ட மட்டும் சுத்திப் பாக்கலாம். சின்ன பசங்களுக்கு குடுக்கணும்னா அதுல இருந்து ஆரம்பிங்க. ரெண்டாவது பாகத்துல தாத்தாவும் வருவாரு, அவருக்கு காது மந்தம், ஆனா அடி பலமா விழும். கேக்க நல்லாருக்கு, ஆனா எனக்கு மொத பாகம்தான் புடிச்சுது, ரெண்டு பேரு வந்ததும் பயம் போயி கணக்கு போடற வேலையா ஆயிருது. சைசு ரொம்ப சின்னது, பழைய போன்லயும் ஓடும், காசு கெடையாது. காசு இல்லைங்கறதுக்கு பதிலா விளம்பரம். செத்து விழுந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டு இருக்குறப்ப ஏதோ ஒரு ஆப்ப எறக்குங்கன்னு ஒருத்தன் சிரிச்சுட்டே வருவான் பாருங்க, அத்தன பயமும் ஆவியா போயிரும். ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு ஆடுங்க, விளம்பரமும் வராது, பேட்டரியும் மிச்சம், நடு ராத்திரி எவனும் போன் பண்ணி தொலைக்கவும் மாட்டான். தாத்தா வீட்டுல அந்த மோடு தனியா போட வேண்டியதே இல்ல.

கிரானி மாதிரியே காப்பி அடிச்சது நூறு இருக்கு, கன்னியாஸ்திரி வருவாங்க, ஐஸ்க்ரீம் வண்டிக்காரன் வருவான், வாத்தியாரம்மா வருவாங்க. ஈவில் நன், ஐஸ் ஸ்க்ரீம் ரெண்டும் ஸ்பெயின்காரங்களோட கெப்ளெரியன்ஸ் செஞ்சது, பரவால்ல, சின்ன பசங்களுக்கு ஓகே. நம்ம நாட்டுலயே செஞ்சது கம்லான்னு ஒண்ணு, 1980கள்ல நடக்குற மாதிரி ஒரு வீடு, பேய் புடிச்ச பொண்ணு, பூச சாமான தேடி எடுத்து பேயோட்டணும். வீடு, விளக்கு, பொடவன்னு எல்லாம் நம்ம ஊரு சாயல்ல இருக்குறதால ஒரு தனி கிலி இருக்கு, எங்க அத்த அத பாத்துட்டு "சாமி விசயத்த எல்லாம் வெளயாட்டா ஆக்காதீங்கடா"ன்னு போன புடுங்கிட்டாங்க, அதனால முழுசா ஆடல.

இப்ப ஹெட்செட் விசயத்துக்கு வரேன், காது காதுன்னு சொல்லிட்டு இத சொல்லாம விட்டா தப்பு. ப்ளூடூத் இயர்பட்ஸ்ல பேய் கேம் ஆடாதீங்க. சத்தம் ஸ்க்ரீனவிட 0.2 செகண்டு வாக்குல லேட்டா வரும், பேய் மூஞ்சி வந்துட்டு போனதுக்கு அப்புறம் "ஆ"ன்னு கத்தும், பயத்துக்கு பதிலா சிரிப்புதான் வரும். கேமிங் மோடு இருக்குற இயர்பட்ஸ்ல கொஞ்சம் கொறையும். 200 ரூவா ஒயர் ஹெட்செட் போதும், ஹெட்செட் சொருகற ஓட்ட இல்லாத போனா இருந்தா டைப் சி கனெக்டர் வாங்கிக்கோங்க, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மொபைல் கடைங்க நெறைய இருக்கு.

ஆனா ஒயர் ஹெட்செட்டோ வேற எதுவோ, நைட்டு வாசத் திண்ணைல உக்காந்துட்டு ரெண்டு காதையும் அடச்சுக்காதீங்க. இத நான் வெளயாட்டுக்கு சொல்லல. போன வருசம் ரெண்டாவது நைட்டு, உள்ள எல்லாரும் தூங்கறாங்கன்னு நான் திண்ணைல போயி கம்பளிய போத்திட்டு கிரானி ஆடிட்டு இருந்தேன். கட்டிலுக்கடில ஒளிஞ்சிருக்கேன், பாட்டி ரூமுக்குள்ள வருது, அப்ப பெருசா ஒரு மூச்சு சத்தம், புஸ்ஸுன்னு. அட சவுண்டு சூப்பரா போட்டுருக்கானேன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவையும் புஸ்ஸு, இந்த தடவ சூடா ஒரு வாட அடிக்குது. கேம்ல வாட எப்படி வரும்? ஹெட்செட்ட எறக்கிட்டு பாக்குறேன், வாசப்படில இருந்து நாலஞ்சு அடி தூரத்துல காட்டெருமை, ஆளு ஒசரம், முழங்காலுக்கு கீழ வெள்ள சாக்ஸ் போட்ட மாதிரி காலு, பாட்டி வெச்ச பீன்ஸ் கொடிய நிதானமா மேஞ்சுட்டு இருக்கு. நான் மூச்சு விடல. கிரானில கத்துக்கிட்டத அப்படியே செஞ்சேன், எந்த சாமானும் கீழ வுழாம மெதுவா பின்னாலயே நவந்து கதவ சாத்துனேன். காலைல தாத்தாகிட்ட சொன்னா, "அது தெனமும் வரும், நீதான் புதுசு"ங்கறாரு.

காட்டெருமை மட்டுமில்ல, கோத்தகிரி குன்னூர் பக்கம் கரடியும் வீட்டுக்கு பக்கத்துல வரும், சிறுத்தை வந்து நாய தூக்கிட்டு போறதும் உண்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் கேளையாடு குரைக்கும், நாய் மாதிரியே ஆனா ஒரு தொண்ட கட்டுன நாய் மாதிரி, மொத தடவ கேக்குறவனுக்கு அடிவயிறு கலங்கும். அதனால எங்க சட்டம், வீட்டுக்குள்ள கதவ தாப்பா போட்டுட்டுன்னா ரெண்டு காதும், வெளியன்னா கேமே கெடையாது.

அடுத்து கிராஃபிக்ஸ் வெறியனுங்களுக்கு. ஏலியன் ஐசொலேஷன். 2014ல கம்ப்யூட்டர் கன்சோலுக்கு வந்த கேமு, ஃபெரல் இன்டராக்டிவ்னு ஒரு கம்பெனி 2021 டிசம்பர்ல அப்படியே முழுசா போனுக்கு எறக்குனாங்க. விண்வெளி நெலையத்துல நீங்க, தேடிட்டு வர ஒரு ஏலியன், அத கொல்லவே முடியாது, ஒளியணும் ஓடணும் அவ்வளவுதான். இதுல ஏலியன் மூளைய ரெண்டா பிரிச்சு வெச்சுருக்காங்க, ஒரு மூளைக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு எப்பவும் தெரியும் ஆனா அது நேரா சொல்லாது, சும்மா "அந்தப் பக்கமா போயி பாரு"ன்னு ஜாடையா தள்ளிவுடும், இன்னொரு மூளைதான் ஏலியன் ஒடம்புக்குள்ள இருக்கு, அதுக்கு கண்ணும் காதும் மட்டும்தான். அதனாலதான் அது எப்பவும் நம்ம பக்கத்துலயே சுத்திட்டு இருக்கும், ஆனா ஏமாத்தறதா தோணாது. கையில ஒரு டிராக்கர், பீப் பீப்னு அடிக்கும், அந்த பீப் சத்தத்த கேட்டே அது வரும். பயத்துக்கு இதுதான் ராஜா, சந்தேகமே இல்ல, காதுக்கும் இதுல வேல நெறைய.

ஆனா 10 ஜிபிக்கு மேல எடம் கேக்கும், நல்ல பவர் இருக்குற போனும் வேணும், வெலையும் மத்ததவிட அதிகம். தம்பி போனுல 9 ஜிபிதான், அங்கயே கத முடிஞ்சுது. என் போன்ல ஓட்டுனோம், அர மணி நேரத்துல 25 பர்சென்ட் பேட்டரி போச்சு. ஒரே ஒரு நன்ம, போன் சூடாகி கைக்கு கணப்பு மாதிரி இருந்துச்சு. கரண்டு இல்லாத நைட்டுல போன் டார்ச்சுக்கே சார்ஜ் வேணும்ங்கற வீட்டுக்கு இது ஆடம்பரம். ஊட்டில ஹோட்டல் ரூம் போட்டு ஜெனரேட்டரோட இருக்கறவங்க தாராளமா எறக்குங்க.

லிட்டில் நைட்மேர்ஸ் பத்தி கேட்டான் தம்பி. மஞ்ச ரெயின்கோட்டு போட்ட சின்னப் பொண்ணு, பெரிய பெரிய அருவருப்பான ஆளுங்க, 2017 கேமு, 2023 டிசம்பர்ல போனுக்கு வந்துச்சு. பாக்க அவ்வளவு அழகு. ஆனா அதுல பக்கவாட்டுல மட்டுமில்ல, உள்ள தள்ளியும் நடக்கணும், குறுகலான பலக மேல நடக்கணும், டச் ஸ்க்ரீன்ல வெறச்ச வெரல வெச்சுட்டு அத செஞ்சா பேயால சாகறதவிட பள்ளத்துல வுழுந்து சாகறதுதான் அதிகம். பத்து தடவ ஒரே எடத்துல செத்தா பயம் போயி எரிச்சல் வந்துரும். கண்ட்ரோலர் வெச்சுருக்கறவங்க எடுங்க.

ரஸ்டி லேக்காரங்களோட கியூப் எஸ்கேப் கேம்ஸ் பத்தி நாலு வரி. நெதர்லாந்துக்காரங்க, இதுல துரத்தறது எல்லாம் கெடையாது, ரூமுக்குள்ள அடச்சு வெச்சுருவாங்க, டிராயர தொறந்து சாமான எடுத்து புதிர் போடணும், நிம்மதியா தேயிலத் தண்ணியும் வர்க்கியும் வெச்சுட்டு ஆடலாம், அப்படி ஆடிட்டே இருக்குறப்ப ஜன்னல்ல ஒரு கறுப்பு உருவம் சும்மா நிக்கும், ஒண்ணும் செய்யாது, நின்னுட்டு போயிரும். துரத்தறது புடிக்காதவங்களுக்கு இத சொல்வேன், ஆனா திடுக்குனு வர்றது இதுலயும் அப்பப்ப இருக்கும். எங்க அக்கா இத மட்டும்தான் ஆடுனா.

சிமுலாக்ரா. இதுதான் நான் தனியா ஆடுனது, இன்னும் யாருக்கும் முழுசா சொல்லல. மலேசியாவுல இருக்குற கைகன் கேம்ஸ் 2017ல விட்டாங்க. கத என்னன்னா உங்களுக்கு ஒரு தொலஞ்சு போன போன் கெடைக்குது, அன்னாங்கற பொண்ணோடது. அவ்வளவுதான், கேம் தொறந்ததும் உங்க போனே அவ போனா மாறிடுது. அவ மெசேஜ், அவ போட்டோ, அவ மெயிலு, பாதி அழிஞ்சு போன வார்த்தைங்க, அதையெல்லாம் சேத்து அவளுக்கு என்ன ஆச்சுன்னு கண்டுபுடிக்கணும். ஜாய்ஸ்டிக் இல்ல, ஓட்டம் இல்ல, ஸ்க்ரீன் சின்னதா இருக்குதேங்கற கொறையே இல்ல, ஏன்னா நெசத்துலயும் போன் அந்த சைசுதான். கம்ப்யூட்டர்ல இருந்து எறக்குன கேமுங்க எல்லாம் பெரிய வீட்ட சின்ன ஜன்னல் வழியா பாக்குற மாதிரி, இது போனுக்குன்னே பொறந்த மாதிரி.

பிரச்சன ரெண்டு. எல்லாம் இங்கிலீஷ்ல படிக்கணும், நெறைய படிக்கணும், தம்பி மாதிரி ஆளுங்க பத்து நிமிசத்துல கொட்டாவி விடுவானுங்க. இன்னொண்ணு, இத கூட்டமா ஆட முடியாது, ஒருத்தர் மெசேஜ் படிக்கறத நாலு பேரு எட்டிப் பாத்தா கல்யாண வீட்டுல போன் குடுத்த மாதிரி ஆயிரும். தனியா, எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம், மழ தகரத்துல அடிக்குற நைட்டுல ஆடணும். அப்படி ஆடிட்டு இருக்குறப்ப கேமுக்குள்ள ஒரு கால் வரும் பாருங்க. சிக்னலே இல்லாத வீட்டுல, கையில இருக்குற போன் அடிக்குது. எடுக்கலாமா வேண்டாமான்னு நான் யோசிச்ச நேரம் இருக்கே, ஏலியன் துரத்துனப்ப கூட அப்படி கை நடுங்கல.

கடைசியா விட்டுவெச்சது ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ், இதுலதான் எங்க கணக்கெல்லாம் தலகீழாச்சு. ஸ்காட் காதான்னு ஒருத்தர் 2014 ஆகஸ்ட்டுல விட்டாரு, அதே மாசமே போனுக்கும் வந்துருச்சு. அதுக்கு முன்னாடி அவரு சின்ன பசங்களுக்கு ஒரு கேம் செஞ்சாராம், அதுல வர்ற பொம்மைங்க உசுரில்லாத மெஷின் மாதிரி பயமா இருக்குன்னு எல்லாரும் திட்டிருக்காங்க, சரி அப்ப நெசமாவே பயமுறுத்திடறேன்னு எறங்கிட்டாரு. நீங்க ஒரு பீட்சா கடைக்கு நைட் வாட்ச்மேன். ராத்திரி 12 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் ஆபீஸ் ரூம்ல உக்காந்துட்டு கேமரா பாக்கணும். கடைல கரடி, முயல், கோழி, நரின்னு ஆளு ஒசர பொம்மைங்க, நைட்டானா எந்திரிச்சு நடக்குது. ரெண்டு பக்கம் கதவு இருக்கு, மூடலாம், லைட்டு அடிக்கலாம், ஆனா கரண்டு அளவாத்தான் இருக்கு, கேமரா பாத்தாலும் செலவு, கதவ மூடி வெச்சாலும் செலவு. தீந்து போச்சுன்னா ரெண்டு கதவும் தொறந்துக்கும், இருட்டுல ஒரு ராட்டினப் பாட்டு மாதிரி கேக்கும், அப்புறம் கரடி.

நடக்கவே தேவையில்ல, ரெண்டு மூணு பட்டன்தான், வெறச்ச வெரலுக்கு ஏத்த கேமு. சைசு சின்னது, நெட்டு வேண்டாம், ஒரு தடவ காசு குடுத்தா விளம்பரமும் கெடையாது. காதுக்கும் வேல இருக்கு, கிச்சன் கேமராவுல மட்டும் படமே வராது, சத்தம் மட்டும்தான், பாத்திரம் உருண்டா கோழி உள்ள இருக்குன்னு அர்த்தம். இது எல்லாம் தெரிஞ்சுதான் நாங்க அத எடுத்தோம், ஆனா மொத நைட்ட தாண்டறதுக்கே எங்க அஞ்சு பேருக்கும் தண்ணி காட்டுச்சு, பயத்துல அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா லைட்ட அடிச்சுட்டு கதவ மூடிட்டு, மூணு மணிக்கே கரண்டு தீந்துரும்.

தாத்தா அடுப்பு பக்கத்துல உக்காந்து பீடி பத்த வெச்சுட்டு இதையே பாத்துட்டு இருந்தாரு. அவரு டீ ஃபேக்டரில இருவத்திரெண்டு வருசம் நைட் வாட்ச்மேன். பறிச்ச எல நைட்டு முழுக்க காத்துல வாடணும், அதனால ஃபேக்டரிக்கு ராத்திரி தூக்கமே கெடையாது, ஃபேன் ஓடிட்டே இருக்கும், அந்த சத்தத்துக்குள்ள வேற சத்தத்த கேக்கறதுதான் இவரு வேல. "என்னடா வாட்ச்மேன் இவன், ரவுண்ட்ஸ் போகாம ஒரே எடத்துல உக்காந்துருக்கான்"னு மொத கேள்வி. அடுத்து, "டேய் லைட்ட எதுக்கு சும்மா சும்மா அடிக்கற, பேட்டரி யாரு வாங்கித் தருவா". கிச்சன்ல பாத்திரம் உருண்டுச்சு. "கரடி"ன்னாரு தாத்தா, ஸ்க்ரீன பாக்காமலே. இல்ல தாத்தா கோழின்னோம். "கோழி எங்கடா அண்டாவ உருட்டும், எண்ணெய்க்கு வந்துருக்கும்". அவரு ஃபேக்டரி கேன்டீன்ல நெசமாவே அப்படி ஒரு நைட்டு கரடி வந்து கடலெண்ணெ டின்ன தூக்கிக் குடிச்சுட்டு போயிருக்கு, கோயில் விளக்கெண்ணெயக் கூட விடாதுங்க அதுங்க.

போன கையில குடுத்தோம். கண்ணாடிய மாட்டிக்கிட்டாரு. ஹெட்செட் வேண்டாம்னாரு, ஸ்பீக்கர்லயே வெச்சுட்டு தலைய ஒரு பக்கமா சாச்சு கேட்டாரு. ரொம்ப நேரம் ஒண்ணுமே பண்ணல, கேமரா தொறக்கல, லைட்டு அடிக்கல, நாங்க பதறறோம். காலடிச் சத்தம் கேட்டா மட்டும் அந்தப் பக்கம் லைட்ட ஒரு தட்டு தட்டி பாத்து கதவ மூடுவாரு, கொஞ்ச நேரத்துல தொறந்துருவாரு, "போயிருப்பான்". நரி இருக்குற கேமராவ மட்டும் அப்பப்ப எட்டிப் பாப்பாரு. நாங்க நாலு நைட்டா மாறடிச்சத மொத வாட்டியே 6 மணி ஆக்கிட்டு போன திருப்பிக் குடுத்தாரு. தங்கச்சி கை தட்டுச்சு. எங்களுக்கு அந்த பொம்மைங்களவிட இவரு அசையாம உக்காந்துருந்ததுதான் பயமா இருந்துச்சு.

அதனால தம்பிக்கு நான் சொன்னது இதுதான். கூட்டமா கத்தி சிரிச்சு ஆடணும்னா கிரானி, காசு செலவில்ல. இங்கிலீஷ் படிக்க அலுப்பு இல்லாம தனியா தூக்கத்த கெடுத்துக்கணும்னா சிமுலாக்ரா. ஏலியன் அடுத்த போன் வாங்குனதுக்கப்புறம். ஒண்ணே ஒண்ணுதான் வெக்கலாம்னா ஃபைவ் நைட்ஸ். கோயம்புத்தூர்லயே எறக்கி ஒரு தடவ தொறந்து பாத்துரு, சில கேம் மொத தடவ தொறக்குறப்ப மட்டும் நெட்டு கேட்டு எதையாச்சும் எறக்கும், மேட்டுப்பாளையம் தாண்டிட்டு ஞாபகம் வந்து புண்ணியமில்ல. பவர் பேங்க் ரெண்டு, ராத்திரி போன கம்பளிக்குள்ளயே வெச்சுக்கோ, ஒயர் ஹெட்செட் ஒண்ணு.

அதுக்கு அவன், "ஃபைவ் நைட்ஸ் எனக்கு எதுக்குண்ணா, தாத்தா போன்லதான் இருக்கே"ங்கறான். மாமா வாங்கிக் குடுத்த போன்ல போன பொங்கலுக்கே ஏத்திக் குடுத்துட்டானாம், எனக்குத்தான் யாரும் சொல்லல. ஞாயித்துக்கெழம தாத்தாவுக்கு போன் பண்ணி கேட்டேன், டேங்க் மேட்டுல நின்னு பேசுனாரு, காத்து சத்தத்துல பாதி கேக்கல. அஞ்சாவது நைட்டுல நிக்கிறாராம். "அந்த முயலு கோழி எல்லாம் ஒண்ணுமில்லப்பா, கதவுகிட்ட வந்து நிக்கும் போயிரும். நரிப்பய இருக்கான் பாரு, அவன பாக்காம விட்டாத்தான் ஓடி வரான்".